எட்டுக்கால் பயம்: ஒரு வாக்குமூலமும் கொஞ்சம் வரலாறும்

1/
கொஞ்சம் நீளமான த்ரெட். டீயோட உட்காருங்க.

முதல்லயே ஒத்துக்கிறேன். எனக்கு எட்டுக்கால் பூச்சின்னா பயம். அரசு மருத்துவமனையில வேலை. விபத்து, பிரசவம், விஷக்கடின்னு எது வந்தாலும் கை நடுங்காது. ஆனா சுவர்ல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி உட்கார்ந்திருந்தா அந்த ரூமுக்குள்ள கால் வைக்க மாட்டேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க.

இந்தப் பயம் எங்கேர்ந்து வந்தது, இதால என்ன பிரயோஜனம், எப்போ இது நம்மையே கவுத்து விடும்னு இன்னைக்குப் பேசுவோம்.

2/
சில வருஷத்துக்கு முன்னாடி, கரிசல் காட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையில நைட் டூட்டி. முகம் கழுவப் போனா பாத்ரூம் கதவுல பெரிய சிலந்தி. நான் வெளியிலயே நின்னுட்டேன். ஆயாம்மா விளக்குமாறோட வந்து, ஒரே தட்டுல அதை ஜன்னல் வழியா அனுப்பிட்டு, "என்ன சார், பாம்புக்கடிக்கெல்லாம் வைத்தியம் பாக்குறீக, இதுக்குப் போயி இப்படி நிக்கிறீக"ன்னு சிரிச்சாங்க.

பதில் சொல்றதுக்குள்ள வாசல்ல ஒரு பைக் வந்து நின்னுச்சு.

3/
வந்தவர் ஐம்பது வயசு விவசாயி. (அடையாளங்களை மாத்தியிருக்கேன்.) களத்துல மக்காச்சோளத்துக்குக் காவலா வெறுந்தரையில சாக்கை விரிச்சுப் படுத்திருக்கார். நடுராத்திரியில தோள்ல ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்திருக்கு. தட்டி விட்டுட்டு மறுபடியும் தூங்கிட்டார்.

"எட்டுக்கால் பூச்சியா இருக்கும் சார், அது ஒண்ணும் இல்ல. வயித்து வலிதான் தாங்க முடியல, அதுக்கு ஒரு ஊசி போடுங்க"ன்னார்.

தோள்ல டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கடிவாய் தெரியல. வீக்கம் இல்ல. "அண்ணாச்சி, என்னை நிமிர்ந்து பாருங்க"ன்னேன். கண் இமையை அவரால பாதிக்கு மேல தூக்க முடியல.

4/
அது கட்டுவிரியன். ராத்திரியில நடமாடும், தரையில படுத்திருக்கிறவங்களைக் கடிக்கும். பல்லு ரொம்பச் சின்னது. பல பேருக்கு வலியே தெரியாது, தடமும் தெரியாது. அதோட விஷம் நரம்பும் தசையும் சேருற இடத்தை முடக்கும். முதல்ல இமை, அப்புறம் தொண்டை, கடைசியில மூச்சு.

விஷமுறிவு மருந்து ஏத்தி, மூச்சுக்குழாய் போட்டு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். சில நாள் வென்டிலேட்டர்ல இருந்து பிழைச்சு நடந்தே வீட்டுக்குப் போனார்.

அன்னைக்கு ராத்திரி ஒண்ணும் செய்யாத பூச்சிக்கு நான் நடுங்கினேன். உயிரெடுக்குற பாம்பை ‘ஏதோ பூச்சி’ன்னு அவர் தட்டி விட்டார். எங்க ரெண்டு பேரோட பயத்துக்கும் குறி தப்பியிருந்தது. வித்தியாசம் என்னன்னா, என்னோட தப்புக்கு விலை கொஞ்சம் மானம், அவரோட தப்புக்கு விலை உயிர்.

5/
என் பயம் பிறந்த இடம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இடைசெவல். கோவில்பட்டிக்குத் தெற்கே, அம்மா பிறந்த ஊர். கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் பிறந்த ஊர்னு சொன்னா பல பேருக்குத் தெரியும்.

எனக்கு அஞ்சு வயசு இருக்கும். ஆச்சி வீட்டுப் பின்கட்டுல பருத்திமார் அடுக்கியிருந்தது. பருத்தி எடுத்து முடிஞ்ச செடியைப் பிடுங்கிக் காயவெச்சு அடுப்பெரிக்க வெச்சிருப்பாங்கல்ல, அதுதான். அம்மா ஒரு கட்டை உருவினாங்க. எட்டுக்கால்ல ஒண்ணு கை மேல ஓடுச்சு. "ஐயோ, தேளு!"ன்னு அலறி எல்லாத்தையும் வீசினாங்க.

அது தேள் இல்ல, பெரிய சிலந்தி. ஆனா எனக்கு அந்தச் சிலந்தி ஞாபகம் இல்ல. அம்மாவோட முகம்தான் ஞாபகம் இருக்கு.

6/
அம்மா ஏன் ‘தேளு’ன்னு கத்தினாங்க? கரிசல் மண்ணுல பிறந்தவங்களுக்கு விளக்க வேண்டாம். கோடையில இந்த மண்ணு கை நுழையுற அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பும், கல் அடுக்கும், பருத்திமார்க் குவியலும் தேளுக்கு வீடு.

இந்தியாவுல மனுஷனுக்கு ரொம்ப ஆபத்தான செந்தேளோட அறிவியல் பேருல ‘டாமுலஸ்’னு ஒரு சொல் இருக்கு. 1798-ல் ஃபாப்ரீசியஸ்ங்கிற டென்மார்க் விஞ்ஞானி வெச்ச பேர். தமிழ்ங்கிற சொல் அந்தப் பேருக்குள்ள உட்கார்ந்திருக்கு.

7/
அந்தத் தேளுக்குப் பயந்ததுல ஒரு தப்பும் இல்ல. மகாராஷ்டிராவுல மஹாட்ங்கிற சின்ன ஊர்ல வேலை பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், தேள் கொட்டின குழந்தைங்க இதயம் பாதிச்சு, நுரையீரல்ல நீர் கோத்து இறக்கிறதைப் பார்த்தார். பக்கத்துலயே உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளியையும் கவனிச்சு எழுதினார். ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்குற பிரசோசின்ங்கிற மலிவான மாத்திரை இதுக்குக் கேக்கும்னு கண்டுபிடிச்சார். 1980-கள்ல ‘லான்செட்’ இதழ்ல அது வந்தது. தீவிரமா பாதிக்கப்பட்டவங்கள்ல மூணுல ஒருத்தர் சாகுற நிலைமை மாறி, இறப்பு மிகச் சில சதவிகிதத்துக்கு இறங்குச்சு. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ.

அதுக்கு முந்தின தலைமுறைத் தாய்க்கு அந்த மாத்திரை கிடையாது. அலறலும் வேகமா உதறின கையும்தான் மருந்து.

8/
இப்போ ஒரு கேள்வி. உலகத்துல 50,000-க்கும் மேல சிலந்தி வகைகள் பதிவாகியிருக்கு. மனுஷனுக்கு நிஜமா ஆபத்து பண்றது அதுல ரொம்பக் கொஞ்சம். அப்புறம் ஏன் இத்தனை பேருக்குச் சிலந்தி பயம்?

செக் நாட்டு ஆய்வாளர்கள் சிலர் சொல்ற ஒரு யோசனை எனக்குப் பிடிக்கும். மனுஷ இனத்தோட பழைய பயம் தேள் பயம். சிலந்தியும் தேளும் ஒரே குடும்ப வழி, ரெண்டுக்கும் எட்டுக்கால். நம்ம மூளை ரெண்டையும் ஒரே கணக்குல எழுதிடுச்சு. இது இன்னும் முடிவான உண்மை இல்ல, ஒரு கருதுகோள்தான். ஆனா பருத்திமார்க் குவியல் முன்னாடி நின்ன என் அம்மாவுக்கு அப்படியே பொருந்துது.

9/
சரி, பயம்னா உடம்புல என்ன நடக்குது? 1915-ல் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் இதை விளக்கி ஒரு புத்தகமே எழுதினார். ஆபத்துன்னு மூளை நினைச்ச அடுத்த நொடி அட்ரினலின் பாயும். இதயம் வேகமா அடிக்கும், மூச்சு வாங்கும், கண்மணி விரியும். குடலுக்குப் போற ரத்தம் குறைஞ்சு கை கால் தசைக்குப் போகும். வயித்தைக் கலக்குற மாதிரி இருக்கிறது அதனாலதான். ஒண்ணு சண்டை போடு, இல்ல ஓடு. உடம்பு ரெண்டுக்கும் தயார்.

பயந்தாங்கொள்ளின்னு நாம கிண்டல் பண்ற எல்லாமே உடம்பு தன்னைக் காப்பாத்திக்க எடுக்குற ஏற்பாடு.

10/
"சும்மா சும்மா பயப்படுறது நஷ்டம்தானே டாக்டர்?"னு கேப்பீங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. இருட்டுல கயித்தைப் பாம்புன்னு நினைச்சு ஓடினா நஷ்டம் என்ன? கொஞ்சம் மூச்சு வாங்கும். பாம்பைக் கயிறுன்னு நினைச்சு மிதிச்சா?

அதனாலதான் நம்ம மூளையோட எச்சரிக்கை மணி கொஞ்சம் அதிகமாவே அடிக்கிற மாதிரி அமைஞ்சிருக்கு. நூறு தடவை பொய்யா அடிச்சாலும் பரவாயில்ல, ஒரு தடவை அடிக்காம விட்டுடக் கூடாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு நாம கேலி பண்ற அந்த அரண்டவனோட பேரப்பிள்ளைங்கதான் நாம எல்லாரும். அரளாதவங்கள்ல பல பேர் வம்சம் விருத்தியாகுறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்திருப்பாங்க.

11/
பயமே இல்லாம ஒரு மனுஷன் இருந்தா எப்படி இருக்கும்? அதுக்கும் ஆள் உண்டு. மருத்துவ உலகத்துல ‘எஸ்.எம்.’னு எழுத்தால மட்டும் குறிப்பிடுற ஒரு அமெரிக்கப் பெண்மணி. அபூர்வமான ஒரு பரம்பரை நோயால மூளையில அமிக்டலாங்கிற பாதாம் பருப்பு சைஸ் பகுதி ரெண்டு பக்கமும் அழிஞ்சு போச்சு. பயத்தோட தலைமை அலுவலகம் அது.

2011-ல் வெளியான ஆய்வுக்காக அவங்களைப் பாம்பு, சிலந்தி விக்கிற கடைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பாம்பைக் கையில வாங்கித் தடவினாங்க. பெரிய டாரண்டுலா சிலந்தியைத் தொடப் போனாங்க, கடிச்சிடும்னு மத்தவங்கதான் தடுக்க வேண்டியிருந்தது. கேக்க வீரமா இருக்குல்ல? ஆனா அவங்க வாழ்க்கையில கத்திமுனையிலயும் துப்பாக்கிமுனையிலயும் மிரட்டப்பட்டிருக்காங்க. ஆபத்தான ஆள், ஆபத்தான இடம்னு முன்கூட்டியே ஒதுங்கச் சொல்ற குரல் அவங்களுக்குள்ள இல்ல.

12/
அப்போ சிலந்தி பயம் பிறவியிலயே வருதா, கத்துக்கிறதா? ரெண்டும்.

2017-ல் ஜெர்மனி, ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஆறு மாசக் குழந்தைங்களுக்குப் பூ படமும் சிலந்தி படமும் காட்டினாங்க. சிலந்தியைப் பார்த்தப்போ கண்மணி அதிகமா விரிஞ்சுச்சு. அது இன்னும் பயம் இல்ல. உடம்பு ‘இதைக் கவனி’ன்னு உஷார் ஆகுது, அவ்வளவுதான்.

அதுக்கு முன்னாடி 1980-கள்ல சூசன் மினேகாங்கிற உளவியல் அறிஞர் குரங்குகளை வெச்சு ஆராய்ச்சி பண்ணினார். கூண்டுலயே பிறந்து வளர்ந்த குரங்குக்குப் பாம்புன்னா பயம் கிடையாது. காட்டுல பிறந்த குரங்கு பாம்பைப் பார்த்து அலறுறதை ஒரு தடவை பார்த்துச்சு. சில நிமிஷத்துல அதுவும் கத்துக்கிச்சு.

13/
இன்னொரு விஷயம். அலறுற அதே குரங்கோட வீடியோவுல பாம்புக்குப் பதிலா பூவை ஒட்டிக் காட்டினாங்க. பூவுக்குப் பயப்பட எந்தக் குரங்கும் கத்துக்கல.

அதாவது சில பயத்துக்கு நமக்குள்ள நிலம் ஏற்கனவே உழுது கிடக்கு. விதையைப் போடுறது பெத்தவங்க முகம். இடைசெவல் பின்கட்டுல அஞ்சு வயசுல எனக்கு நடந்தது இதுதான்.

14/
நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். திருவானைக்காவல் தலபுராணம் பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். நாவல் மரத்தடியில இருந்த லிங்கத்து மேல சருகு விழாம ஒரு சிலந்தி வலை பின்னுச்சு. அதை அசுத்தம்னு யானை கலைச்சுச்சு. கோபத்துல சிலந்தி தும்பிக்கைக்குள்ள போய்க் கடிச்சது, ரெண்டும் செத்துப் போச்சு. அந்தச் சிலந்திதான் மறுபிறவியில கோச்செங்கட் சோழனா பிறந்ததுன்னு ஐதீகம்.

ராஜா ஆனதும் என்ன பண்ணினார்? யானை ஏற முடியாத மாதிரி உயரமா மாடக்கோயில்களைக் கட்டினார். பழைய பயம் அப்படியே இருந்துச்சு, ஆனா அது படிக்கட்டா மாறுச்சு. பயத்தை உபயோகமா மாத்துறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

15/
"கோவில்பட்டிப் பக்கத்து ஆளா இருந்துட்டு, எட்டயபுரத்துல பிறந்த பாரதியை மறந்துட்டுப் பயத்துக்கு வக்காலத்து வாங்குறியே"ன்னு யாராவது கேப்பீங்க. பாரதி உதறச் சொன்னது அதிகாரத்துக்கும் அநியாயத்துக்கும் தலை குனியுற பயத்தை. அதை உதறத்தான் வேணும். வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்துல, பயப்பட வேண்டியதுக்குப் பயப்படாம இருக்கிறது அறியாமைன்னு சொல்றார். ரெண்டு பேரும் சொல்றது ஒண்ணோடொண்ணு மோதல. எதுக்குப் பயப்படணும்னு தெரிஞ்சுக்கிறதுதான் விஷயம்.

அதுல நாம எவ்வளவு தப்பு பண்ணியிருக்கோம்னு காட்ட இன்னொரு ‘சிலந்தி’ இருக்கு.

16/
நரம்புச் சிலந்தி. இப்போ முப்பது வயசுக்குள்ள இருக்கிறவங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. இது பூச்சியே இல்ல. தமிழ்ல கொப்புளத்துக்கும் சிலந்தின்னு ஒரு பேர் உண்டு. கால்ல தீயா எரியுற ஒரு கொப்புளம் வரும், உடையும், அதுலேர்ந்து நரம்பு மாதிரி வெள்ளையா ஒரு புழு எட்டிப் பார்க்கும். நீளம் முக்கால் மீட்டர், சமயத்துல ஒரு மீட்டர். ஒரு குச்சியில சுத்திச் சுத்தி தினம் கொஞ்சமா வெளிய இழுக்கணும். அறுந்தா சீழ் பிடிக்கும். வாரக்கணக்குல படுக்கை. விதைப்பு நேரத்துல வந்தா குடும்பமே பட்டினி.

17/
இது எப்படி வந்துச்சு? குடிக்கிற தண்ணியில. ஊரணித் தண்ணியிலயும் படிக்கிணத்துத் தண்ணியிலயும் சைக்ளாப்ஸ்னு கண்ணுக்குச் சட்டுனு தெரியாத நீர்ப்பூச்சி இருக்கும். அதுக்குள்ள இந்தப் புழுவோட குஞ்சு. குடிச்சு ஏறக்குறைய ஒரு வருஷம் கழிச்சுத்தான் கொப்புளம் வரும். எரிச்சல் தாங்காம நோயாளி அதே கிணத்துப் படியில காலை நனைப்பார். புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணியில விடும். ஊர் மறுபடியும் குடிக்கும்.

வீட்டுச் சுவர்ல இருந்த சிலந்தியை விளக்குமாத்தால அடிச்ச அதே ஜனங்க, தெளிஞ்ச தண்ணிக்கு மட்டும் பயப்படல. பயப்படணும்னு யாருக்கும் தோணல. குடிச்சதுக்கும் கொப்புளத்துக்கும் நடுவுல ஒரு வருஷம் இடைவெளி இருந்தா எந்த மூளையும் முடிச்சுப் போடாது.

18/
இதுக்குத் தடுப்பூசி கிடையாது. புழுவைக் கொல்ற மருந்தும் கிடையாது. அப்புறம் எப்படி ஒழிஞ்சுச்சு? தண்ணியைத் துணியில வடிகட்டச் சொன்னாங்க. இறங்கிப் போற கிணத்தை, மேலேர்ந்து இறைக்கிற கிணறா மாத்தினாங்க. அடிபம்பு போட்டாங்க. கொப்புளம் உள்ளவங்களைத் தண்ணியில இறங்க விடல. தமிழ்நாடு 1980-களோட முதல் பாதியிலயே இதுலேர்ந்து விடுபட்டுடுச்சு. இந்தியாவோட கடைசி நோயாளி 1996-ல், ராஜஸ்தான்ல. 2000-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது.

எதைப் பார்த்துப் பயப்படணும்னு ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுத்து ஒழிச்ச நோய் இது. அந்தப் பாடத்தை வீடு வீடா கொண்டு போன சுகாதாரப் பணியாளர்களுக்கு நாம சிலை எதுவும் வைக்கல.

19/
இப்போ நேரெதிர் கதை. 2012 மே மாசம், அசாம்ல சாதியாங்கிற ஊர்ப் பக்கம். டாரண்டுலா மாதிரி பெரிய சிலந்திகள் கூட்டமா வந்து கடிக்குதுன்னு பீதி கிளம்புச்சு. ரெண்டு பேர் இறந்து போனாங்க. உலகம் பூரா செய்தி.

ஆனா அந்த ரெண்டு பேரும் முதல்ல போனது நாட்டு வைத்தியர்கிட்ட. கடிவாயைப் பிளேடால கீறி ரத்தத்தை வெளியேத்தினதா செய்திகள் வந்துச்சு. பிரேதப் பரிசோதனை நடக்கல. அதனால சிலந்தி விஷம்தான் காரணம்னு நிரூபிக்கவே முடியல. கடிபட்டு மருத்துவமனைக்கு வந்த மத்தவங்க சாதாரண சிகிச்சையில வீட்டுக்குப் போனாங்க.

பயம் அவங்களை ஓட வெச்சது சரி. ஓட வேண்டிய திசைதான் தப்பு.

20/
நம்ம ஊர்லயும் கீறுறதும், கயிறு போட்டு இறுக்குறதும், வாய் வெச்சு உறிஞ்சுறதும் இன்னும் நடக்குது. 2000-லேர்ந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியால இறந்தவங்க சுமார் 12 லட்சம்னு ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டிருக்கு. வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து விவசாயக் குடும்பங்கள். தமிழ்நாட்டுல 2024 நவம்பர்லேர்ந்து பாம்புக்கடி, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய பாதிப்பு.

மருந்து இருக்கு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், அரசு மருத்துவமனையில இலவசம். நேரத்துக்கு வந்து சேர்றதுதான் பாக்கி. அதுக்குத்தான் சரியான பயம் வேணும்.

21/
சரி, என் சிலந்தி பயம் என்ன ஆச்சு? 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ்ங்கிற அம்மையார், முயலுக்குப் பயந்த பீட்டர்ங்கிற சின்னப் பையனுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார். பையன் பிடிச்சதைச் சாப்பிடும்போது முயலைத் தூரத்துல வைப்பார். தினம் கொஞ்சம் கொஞ்சமா பக்கத்துல கொண்டு வருவார். கடைசியில பையன் முயலைத் தடவினான். இன்னைக்கு இந்த மாதிரி பயங்களுக்கு உளவியல் சிகிச்சையோட அடிப்படையே இந்தப் படிப்படியான பழக்கம்தான்.

நானும் அதைத்தான் பண்றேன். முதல்ல போன்ல படம். அப்புறம் வீடியோ. அப்புறம் கதவுக்கு வெளியில நின்னு அஞ்சு நிமிஷம் பார்க்கிறது. நெஞ்சு அடிக்கும், ஓடாம நின்னா தானா குறையும். இப்போ அதே ரூம்ல இருக்க முடியுது. கையில எடுக்க மாட்டேன். அது தேவையும் இல்ல.

22/
பார்த்துப் பார்த்து ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன். நம்ம வீட்டுச் சுவர்ல தட்டையா, பெருசா உட்கார்ந்திருக்குமே, அது வலை பின்னாது. ராத்திரியில கரப்பான் பூச்சி பிடிக்கும். வயித்துக்கு அடியில வெள்ளைப் பொட்டு மாதிரி தூக்கிட்டுத் திரியுறது முட்டைப் பை. அதுவும் ஒரு அம்மாதான்.

உங்க பயம் வேலையைக் கெடுக்குதுன்னா, ஒரு ரூமுக்கே போக முடியலன்னா வெட்கப்படாதீங்க. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்க, இல்ல 14416-க்கு போன் பண்ணுங்க. குணமாகக் கூடியது இது.

23/
இடைசெவலுக்கும் மத்த கரிசல் ஊர்களுக்கும் என்னோட ‘பயப்பட வேண்டிய’ பட்டியல்:

• தரையில படுக்காதீங்க. கட்டில், முடியலன்னா கொசுவலையை நல்லா செருகிட்டுப் படுங்க.
• ராத்திரி டார்ச் இல்லாம களத்துக்கோ கொல்லைக்கோ போகாதீங்க.
• பருத்திமார், விறகு, கல்லு எடுக்கும்போது முதல்ல குச்சியால தட்டுங்க.
• ராத்திரி தூங்கி எழுந்ததும் காரணமில்லாத வயித்து வலி, வாந்தி, இமை சரியுறது, விழுங்க முடியாம போறது இருந்தா கடிவாய் தெரியலன்னாலும் பாம்புக்கடின்னே நினைச்சு 108-ஐக் கூப்பிடுங்க.
• தேள் கொட்டி வேர்த்துக் கொட்டினாலோ, கை கால் ஜில்லுன்னு ஆனாலோ, குழந்தைன்னா எதுவும் இல்லாட்டியும், உடனே மருத்துவமனை.
• கீறாதீங்க, கட்டாதீங்க, உறிஞ்சாதீங்க.

24/
கடைசியா ஒண்ணு. போன மாசம் இடைசெவல் போயிருந்தோம். பழைய பின்கட்டுச் சுவர்ல ஒரு பெரிய சிலந்தி. என் நாலு வயசு மக என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அவ சிலந்தியைப் பார்க்கல, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தா.

என் நெஞ்சு அடிச்சது எனக்குத்தான் தெரியும். முகத்தை மட்டும் சும்மா வெச்சுக்கிட்டேன். "அது கரப்பான் பூச்சி பிடிக்க வந்திருக்கு பாப்பா, அது பாட்டுக்கு இருக்கட்டும்"னேன்.

அவளும் சரின்னு வாசலுக்கு ஓடினா. பின்னாடியே கூப்பிட்டேன், "ஏ தாயி, செருப்பை உதறிட்டுப் போடு!"

உதறிட்டுத்தான் போட்டா.

ஊர்ல தரையில படுக்கிற அப்பா, மாமா, தாத்தா யாராவது இருந்தா, 23-ஐ மட்டுமாவது படிச்சுக் காட்டுங்க.